சூறாவளியைத் தாங்கும் சன்னல்கள் குமரிக் கடலோர வீட்டுக்கு வேண்டுமா?

கேள்வி: 14 ஜூலை 2024

முட்டத்துக்கு அருகில், கடற்கரையிலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் கத்தாரில் இருப்பதால் மாமனார்தான் வேலையை மேற்பார்க்கிறார். லிண்டல் மட்டம் முடிந்துவிட்டது. கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட் கூரை. மாடியில் ஒரே ஓர் அறை, அதற்கு இரும்புச் சட்டத்தின் மேல் ஷீட் போடுவதாகத் திட்டம். வரவேற்பறையில் கடலைப் பார்த்தபடி 8 அடிக்கு 7 அடியில் ஒரு பெரிய தள்ளு சன்னல் வைக்க ஆசை. ஃப்ளோரிடாவில் இருக்கும் என் மைத்துனர், கடலோரத்தில் வீடு என்றால் சூறாவளியைத் தாங்கும் சன்னல் இல்லாமல் கட்டவே கூடாது என்கிறார். வீடு முழுவதற்கும் அப்படிப் போட்டால் சாதாரணச் சன்னலைப் போல மூன்று மடங்குக்கும் மேலே செலவாகிறது. 2017-இல் ஒக்கிப் புயலைப் பார்த்த ஊர் நம் ஊர். இந்தச் செலவு தகுமா சார்?

14 ஜூலை, இரவு

தகாது என்பதே என் முதல் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் மைத்துனர் சொல்வது அவருடைய ஊருக்கு முழு உண்மை. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ என்ற சூறாவளி மயாமிக்குத் தெற்கே கரையேறிப் பல்லாயிரம் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அதன் பிறகு 1994-இல் மயாமி-டேட் வட்டாரம் தன் கட்டட விதிகளை மாற்றியது. 2002-இல் ஃப்ளோரிடா மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மயாமிப் பகுதியில் ஒரு சன்னல் தேர்ச்சி பெற வேண்டுமானால், ஏறத்தாழ 4.1 கிலோ எடையுள்ள மரச்சட்டம் ஒன்றை, பீரங்கி போன்ற குழாயிலிருந்து, விநாடிக்கு 50 அடி வேகத்தில் அதன் மீது எறிந்து பார்ப்பார்கள். கண்ணாடி நொறுங்கலாம், ஆனால் சட்டம் உள்ளே ஊடுருவக் கூடாது. அதோடு விடாமல், அடிபட்ட அதே சன்னலைக் காற்றழுத்தத்தால் 9,000 தடவை தள்ளியும் இழுத்தும் சோதிப்பார்கள். அதற்குப் பிறகும் கண்ணாடி சட்டகத்தை விட்டுப் பிரியாமல் இருந்தால்தான் சான்று.

இத்தனை பாடு எதற்கு என்றால், அங்கே பெரும்பாலான வீடுகளின் கூரை மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்தது. ஒரு சன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து முட்டும். வெளியே அதே காற்று கூரையை மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். நம் வீடு அப்படியில்லை. 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தூக்க ஒக்கி அல்ல, ஒக்கியின் பாட்டன் வந்தாலும் ஆகாது. போதாததற்கு, நம் சன்னல்களில் கம்பி இருக்கிறது. பறந்து வருவதைக் கம்பி தடுத்துவிடும்.

15 ஜூலை, காலை

இரவு எழுதியதில் கடைசி வரி தவறு. பல் துலக்கிக்கொண்டே என் வீட்டுச் சன்னலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நம் ஊர் மரச்சன்னல்களில் கதவு வெளிப்பக்கம் திறக்கும். கம்பி அதற்கு உட்பக்கம் இருக்கும். அப்படியானால் பறந்து வரும் பொருள் முதலில் கண்ணாடியில் மோதிவிட்டுத்தான் கம்பிக்கு வரும். கம்பி காப்பது கண்ணாடியை அல்ல, கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கும் என்னை. தள்ளு சன்னலுக்கு வெளிப்பக்கம் கிரில் வைத்திருந்தால் கதை வேறு. அப்போதும், மயாமியில் எறிகிறார்களே அந்த மரச்சட்டம், அதன் குறுக்கு அளவு ஏறத்தாழ 38 மில்லிமீட்டருக்கு 89. நம் கம்பிகளுக்கு நடுவே 4 அங்குல இடைவெளி, அதாவது 100 மில்லிமீட்டர். ஊசிக் காதில் நூல் நுழைவது போல அது நுழைந்துவிடும்.

17 ஜூலை

ஒக்கியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு நீளமாகத்தான் பதில் எழுத வேண்டும்.

என் வீடு ராஜாக்கமங்கலத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே, கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. 1996-இல் கட்டியது. அயனி மரச் சட்டகம், தேக்குக் கதவுகள், நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி. 2017 நவம்பர் 29 இரவு மழை பிடித்தது. 30-ஆம் தேதி விடியும்போது காற்று வேறு குரலில் பேசத் தொடங்கியது. காலையிலேயே மின்சாரம் போனது. திரும்பி வந்தது பல நாட்களுக்குப் பிறகு. மேலத் தெரு வாழைத் தோட்டம் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது. பக்கத்து விளையில் நின்ற கொல்லாமரம் வேரோடு புரண்டு எங்கள் மதில்மேல் விழுந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நான் போட்டிருந்த இரண்டு தகர ஷீட்டுகளில் ஒன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மற்றதைத் தெருமுனையிலிருந்து தூக்கி வந்தோம்.

வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஒரே ஒரு சன்னல் மட்டும் திறந்துகொண்டது: மேற்குப் படுக்கையறையில், கீழ்த்தாழ்ப்பாள் போட்டுப் பூட்டியிருந்த கதவு. தாழ்ப்பாளைக் கதவோடு பிடித்து நிறுத்திய திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. மழை ஊறி ஊறி அந்த இடத்து மரம் உளுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கதவு சுவரில் மோதி மோதி அடித்துக்கொண்ட ஓசையை இரவெல்லாம் கேட்டோம். இறுதியில் நானும் என் தம்பியும் நனைந்தபடி வெளியே போய்த் தென்னங்கயிற்றால் இழுத்துக் கம்பியோடு கட்டினோம். கட்டில், மெத்தை, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த என் மாணவர்களின் பழைய ஆய்வுக்கூடக் குறிப்பேடுகள் எல்லாம் நனைந்தன.

புயல் ஓய்ந்ததும், துளையில் நான்கு தீக்குச்சிகளைச் செருகி, அதே திருகாணிக்குச் சோப்பு தேய்த்து முறுக்கி விட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கடலுக்குப் போயிருந்தவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல என்பது எனக்குத் தெரியும். நீங்கள் சன்னலைப் பற்றிக் கேட்டதால் சன்னலைப் பற்றி எழுதுகிறேன்.

18 ஜூலை

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். கேட்டது நல்லதாயிற்று. ஒக்கி நமக்குத் தெற்கே கடலில் மேற்கு நோக்கிக் கடந்தது. நம் மாவட்டத்தில் கரையேறவில்லை. நம் பக்கத்தில் புயலைச் சுற்றும் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். ஆகவே புயலுக்கு வடக்கே இருந்த நமக்கு வடகிழக்குக் காற்று முதலில் வந்தது, பிறகு கிழக்குக் காற்று. காற்று வந்தது கிழக்கிலிருந்து. பிடுங்கிக்கொண்டு போனதோ மேற்குச் சன்னலை. காற்று மோதும் பக்கத்துக் கதவு சட்டகத்தோடு அழுந்தி மேலும் இறுகும். எதிர்ப்பக்கத்துக் கதவைத்தான் காற்று வெளியே உறிஞ்சும், அப்போது முழுச் சுமையும் தாழ்ப்பாளின் தலையில் விழும்.

தம்பி, இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் பெரிய சன்னல் தென்மேற்கே கடலைப் பார்க்கிறது. ஒக்கி நாளில் உங்கள் மனைமீது காற்று அடித்தது நிலத்துப் பக்கமிருந்து. கடலைப் பார்த்த சன்னலுக்கு மட்டும் கவசம் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது.

21 ஜூலை

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கட்டடங்களின்மேல் காற்று ஏற்றும் சுமைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதன் வரைபடத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், திருவனந்தபுரத்துக்கு 39. நம் மாவட்டமும் அந்த 39 வண்ணத்துக்குள்தான் வருகிறது. மணிக் கணக்கில் சொன்னால் சென்னைக்கு 180 கிலோமீட்டர், நமக்கு 140. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகத்தைத் தன்னாலேயே பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று விடை வரும். சென்னைக்கு 1,500, நமக்கு 912 சொச்சம். கிலோவாகச் சொன்னால் சதுர மீட்டருக்கு 153, 93.

நான்கடிக்கு ஐந்தடியான சாதாரணப் படுக்கையறைச் சன்னலின் மீது, இந்தக் கணக்கில், சுமார் 170 கிலோ. கொழுத்த இரண்டு ஆட்கள் சாய்ந்து நிற்பது போல. உங்கள் 8-க்கு 7 சன்னலின் மீது சுமார் 480 கிலோ. அதாவது ஒரு எருமை. அந்த எருமையைத் தாங்க வேண்டியது கண்ணாடி மட்டுமல்ல. நடுவே இரண்டு கதவுகள் ஒன்றோடொன்று பொருந்தும் அந்த ஒல்லியான நிலைச்சட்டமும், சட்டகத்தைச் சுவரோடு பிடிக்கும் திருகாணிகளும்தான். சன்னல் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நடுச்சட்டம் எத்தனை அழுத்தம் தாங்கும், அதற்குச் சோதனைச் சான்று எங்கே என்பதே. கண்ணாடியின் பெயரைக் கேட்பது அதற்குப் பிறகு.

22 ஜூலை

ஒரு திருத்தம். 39 என்பது மூன்று விநாடிக்குள் வந்து போகும் வீச்சின் வேகம். அதுவும் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், 50 ஆண்டுகளில் ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியது. வானிலைத் துறை புயலுக்குச் சொல்லும் வேகமோ மூன்று நிமிடச் சராசரி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது.

அதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 14-ஆம் தேதிப் பதிலில் என் குரலில் அளவுக்கு மீறிய துணிச்சல் இருந்தது. ஒக்கி நம்மைக் கடந்தபோது அது புயல் என்ற முதல் படியில்தான் இருந்தது. அந்தப் படிக்கு வரம்பு மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர். அது மிகக் கடும்புயலாக வளர்ந்தது அரபிக்கடலுக்குள் போன பிறகு. ஆகவே, என் வீட்டுக் கண்ணாடி ஒக்கியில் உடையவில்லை என்பது பெரிய நற்சான்று அன்று. காலாண்டுத் தேர்வில் தேறியவன் முழுஆண்டுத் தேர்விலும் தேறுவான் என்று எந்த ஆசிரியரும் எழுதிக் கொடுக்க மாட்டார். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்ட புயல் நமக்கு எட்டாத தூரத்தில் நடந்ததில்லை.

28 ஜூலை

இங்கே இரண்டு நாளாக ஒரு சண்டை நடந்துகொண்டிருப்பதால் என் பங்குக்கு எழுதுகிறேன். புயல் வரும்போது காற்றுக்கு எதிர்ப்பக்கச் சன்னல் ஒன்றைத் திறந்து வைத்தால் உள்ளழுத்தம் சமமாகிவிடும், கூரை தப்பும் என்று மார்த்தாண்டத்து அன்பர் எழுதியிருக்கிறார். என் பாட்டியும் இதையேதான் சொல்வார். ஓலைக் கூரைக்கும் மண்சுவருக்கும் அவர் சொன்னதை ஆராய எனக்குத் தகுதியில்லை. ஆனால் காற்று புயலுக்குள் திசை மாறும் என்பதை மேலே பார்த்தோம். காலையில் எதிர்ப்பக்கமாக இருந்த சன்னல் மாலையில் மோதும் பக்கமாகிவிடும், திறந்து வைத்தவர் மழையோடு காற்றையும் உள்ளே அழைத்தவர் ஆவார். எல்லாச் சன்னல்களையும் சாத்தி வைப்பதே சரி. அமெரிக்கச் சூறாவளி அறிவுரைகளும் அதையே சொல்கின்றன.

கண்ணாடியில் பெருக்கல் குறிபோல ஒட்டுநாடா ஒட்டுவதாலும் பயனில்லை. கண்ணாடி உடைவதை அது தடுக்காது. உடையும்போது பெரிய பெரிய துண்டுகளாக விழச் செய்யும். அதைவிட ப்ளைவுட் பலகை எவ்வளவோ மேல். 16 மில்லிமீட்டர் தடிமனில், சன்னல் அளவுக்கு முன்கூட்டியே அறுத்து, சுவரில் போல்ட் போடும் இடங்களைக் குறித்து, பலகையின் முதுகில் எந்தச் சன்னலுக்கு என்று எழுதி அடுக்கி வைத்தால் போதும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ப்ளைவுட் கடைக்குப் போகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. 2017-இல் நானும் மெழுகுவர்த்தி வாங்கத்தான் போனேன்.

ஆரல்வாய்மொழி அன்பர் ஒருவர், "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அதற்கும் கணக்குப் போடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். முப்பந்தல் காற்றாடிகளுக்கு நடுவே குடியிருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். போட்டுப் பார்த்தேன். அம்மி பறக்காது. அவருடைய சன்னல் கொண்டி ஆடி முழுதும் கடகடவென்று ஆடி, ஒரே பருவத்தில் தேய்ந்து போகும், அது உறுதி.

9 ஆகஸ்ட்

நாகர்கோவிலில் ஒரு சன்னல் விற்பனையகத்துக்குப் போய் வந்தேன். முட்டத்துத் தம்பி கேட்டதற்காக மட்டுமல்ல. எனக்கும் பார்க்க ஆசை.

விற்பனையாளர் இளைஞர், சுறுசுறுப்பானவர். "புயலுக்குத் தாங்குமா?" என்று கேட்டதும், "இது டஃபன்ட் கிளாஸ் சார், ஐந்து மடங்கு பலம்" என்று சுத்தியலை எடுத்து ஒரு துண்டின் மீது ஓங்கி அடித்தார். உடையவில்லை. நான் சுத்தியலை வாங்கி, துண்டின் ஓரத்தில், மூலைக்கு அருகே, மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். முழுத் துண்டும் கல்லுப்பைக் கொட்டியது போலக் கலகலவென்று உதிர்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது; துண்டுக்குப் பணம் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்.

அதுதான் விஷயம். பதப்படுத்திய கண்ணாடி எளிதில் உடையாது என்பது உண்மை. உடைந்தால் சட்டகத்தில் ஒன்றுமே மிஞ்சாது என்பதும் உண்மை. ஆளை வெட்டாமல் உதிரவே அது செய்யப்பட்டது. குளியலறைக் கதவுக்கு உகந்தது. சூறாவளிச் சன்னலின் உயிர்நிலை வேறு: இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற ஒட்டும் படலம் வைத்து அழுத்திய லேமினேட்டட் கண்ணாடி. காரின் முன்கண்ணாடி அதுதான். கல் பட்டால் சிலந்தி வலைபோல விரிசல் ஓடும், ஆனால் இடத்தை விட்டு அகலாது. அந்தப் படலம் 0.38 மில்லிமீட்டரின் மடங்குகளில் வருகிறது. வீடுகளுக்கு விற்கப்படும் கண்ணாடியில் பெரும்பாலும் 0.38 அல்லது 0.76 தான். மயாமியின் மரச்சட்டச் சோதனையைத் தாங்க ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் வரை வைக்கிறார்கள். லேமினேட்டட் என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்பனையாகின்றன. தடிமனைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடலோரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. லேமினேட்டட் கண்ணாடியின் விளிம்பில் ஈரம் நின்றுகொண்டே இருந்தால் படலம் ஓரத்திலிருந்து பிரிந்து பால்போல வெளுக்கும். யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தின் வயிற்றுக்குள் இருக்கும் இரும்புக் குழாய் வெட்டுவாயிலிருந்து துருப்பிடிக்கும். புயல் ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறை வரலாம். உப்புக்காற்று தினமும் வருகிறது. முட்டத்தில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

10 ஆகஸ்ட்

"இங்கே மரச்சட்டம் எங்கே பறக்கிறது, தேங்காய்தானே விழுகிறது" என்று என் மனைவி கேட்டார். நியாயம். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒன்றரைக் கிலோ தேங்காய் தரையை அடையும்போது விநாடிக்கு 17 மீட்டர் வேகம். அதன் ஆற்றல், மயாமி மரச்சட்டத்தின் ஆற்றலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் தேங்காய் செங்குத்தாக விழும், சன்ஷேடு அதை வாங்கிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது கிடையாகப் பறந்து வருவதைத்தான்: பக்கத்து வீட்டு ஓடு, மட்டை, ஷீட். என் வீட்டிலிருந்து பறந்துபோன அந்தத் தகரம் யாருடைய சன்னலைத் தேடிப் போனதோ.

2 செப்டம்பர்

தம்பி வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். ஜூலையில் நான் எழுதிய பதிலை இதைப் பார்த்த பிறகு அப்படியே வைத்திருக்க முடியாது. கான்கிரீட் தளத்தை மனத்தில் வைத்துத்தான் தகாது என்றேன். கேள்வியிலேயே மாடியறைக்கு ஷீட் கூரை என்று தெளிவாக எழுதியிருந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அந்த அறையைப் பொறுத்தவரை, அது ஃப்ளோரிடா வீடுதான். சன்னல் உடைந்தால் கூரை போகும்.

ஆகவே திருத்திச் சொல்கிறேன்: கீழ்த்தளத்துக்கு வேண்டாம், மாடியறையின் இரண்டு சன்னல்களுக்கு மட்டும் தடித்த படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி, அல்லது உறுதியான வெளிப்பலகை, போடுங்கள்.

3 செப்டம்பர்

நேற்று எழுதியதும் பாதிதான் சரி. படுக்கையில் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது, எழுந்து போட்டேன்.

அறை 12-க்கு 15 அடி. கூரைப் பரப்பு 16.7 சதுர மீட்டர். காற்று வெளியே மேல்நோக்கி உறிஞ்சும் கெழுவை, அதாவது காற்றழுத்தத்தை எதனால் பெருக்க வேண்டும் என்ற எண்ணை, தோராயமாக 0.8 என்று வைத்துக்கொள்கிறேன். சன்னல்கள் மூடியிருக்கும்போது உள்ளழுத்தக் கெழு 0.2 என்று தரம் சொல்கிறது. ஒரு சன்னல் உடைந்து சுவரில் நடுத்தர அளவுக்குத் திறப்பு உண்டானால் 0.5. மூடியிருந்தால் மொத்தம் 1.0, உடைந்தால் 1.3. நம் 912 நியூட்டனோடு பெருக்கினால், சன்னல் முழுதாக இருக்கும்போதே கூரையை மேலே இழுக்கும் விசை ஒன்றரை டன். உடைந்தால் இரண்டு டன்.

ஷீட்டும் இரும்புச் சட்டமும் சேர்ந்து முந்நூறு கிலோ இருக்குமா? ஆக, உலகத்திலேயே சிறந்த சன்னலை வைத்தாலும் ஒன்றரை டன் இழுப்பு அப்படியே இருக்கிறது. சன்னல் மிச்சப்படுத்துவது அரை டன். மீதி முழுவதையும் பிடித்து நிறுத்த வேண்டியது, ஷீட்டைப் பட்டியோடு பிணைக்கும் திருகாணிகளும், பட்டியைத் தூணோடு பிணைக்கும் பற்றவைப்பும், தூணைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டும்.

எனக்குத் தெரிந்த கொத்தனாரிடம், தூணை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். "அடித்தகட்டில் நாலு போல்ட்டு சார், மூன்று அங்குலம் துளை" என்றார். துளை எங்கே என்றேன். "கைப்பிடிச் சுவர்மேலே." கைப்பிடிச் சுவர் செங்கல். செங்கல்லில் மூன்று அங்குல போல்ட்டை நட்டுவிட்டு அதன்மேல் நிற்கும் அறைக்கு மயாமி சன்னல் வைப்பது, கோவணத்துக்குப் பட்டுக்கரை நெய்வது போல. தம்பி, மாமனாரிடம் சொல்லித் தூண்களைக் கீழ்த்தளத்துத் தூணின் தலையிலிருந்து, கான்கிரீட் பெல்ட்டோடு சேர்த்து, எழுப்பச் சொல்லுங்கள். லிண்டல் மட்டத்தில்தானே நிற்கிறீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

5 செப்டம்பர்

கோவணத்து உவமைக்கு ஒருவர் முகம் சுளித்திருக்கிறார். வேறு உவமை கிடைத்தால் மாற்றுகிறேன். கணக்கு மாறாது.

14 செப்டம்பர்

காப்பீட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஃப்ளோரிடாவில் புயலுக்குத் தாங்கும் சன்னல் வைத்தவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சன்னல் அங்கே முதலீடு என்று பேசப்படுவதற்கு இது பாதிக் காரணம். இங்கே 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு இருக்கிறது. புயல் சேதம் அதில் அடங்கும். என் முகவரிடம் சன்னலுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆகவே மைத்துனரின் கணக்கில் வரவுப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி நம் கணக்கில் இல்லை.

20 அக்டோபர்

வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் என் தங்கையின் வீட்டிலிருந்து அழைப்பு: "அண்ணா, ஹாலுக்குள்ளே தண்ணி நிக்குது." கட்டி ஆறு மாதம்கூட ஆகாத வீடு, குளச்சலுக்கு அருகே; புதிய அலுமினியத் தள்ளு சன்னல். புயல் கிடையாது, வெறும் காற்றோடு மழை.

போய்ப் பார்த்தேன். சன்னல் தண்டவாளத்தில் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி, ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் அலைபோல உள்ளே எட்டிக் குதித்தது. தண்டவாளத்தின் அடியில், வெளிப்பக்கமாக, நீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்க வேண்டும். வெளியே போய்த் தடவினேன். துளைகள் இருந்தன, வெளிப்பூச்சு பூசியவர் அவற்றின்மேல் ஒரு கரண்டிச் சாந்தை அழகாக இழுத்து மழமழவென்று தேய்த்து, சாயமும் அடித்திருந்தார்கள். தங்கை கணவரின் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி உடைத்தேன். முதல் துளை திறந்ததும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு என் சட்டைக் கையை நனைத்தது. சாந்துத் துணுக்கோடு ஒரு எறும்புக் கூட்டமும் வந்தது. ஐந்து நிமிடத்தில் தண்டவாளம் காய்ந்தது.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 85 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு சுமார் 330 நியூட்டன் அழுத்தம் தரும். அந்த அழுத்தம் தண்ணீரை 34 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏற்றி நிறுத்தும். அதாவது, தள்ளு சன்னலின் உட்பக்க விளிம்பு 34 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், துளைகள் திறந்திருந்தாலும், ஒக்கி போன்ற ஒரு நாளில் தண்ணீர் உள்ளே வந்தே தீரும். தங்கை வீட்டு விளிம்பை அளந்தேன்: 22. கண்ணாடி எத்தனை தடிமன் என்பதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கடலோரத்தில் தள்ளு சன்னலைவிட, ரப்பர் பட்டை சுற்றி, நான்கு முனையிலும் பூட்டிக்கொள்ளும் திறப்புச் சன்னல் நல்லது என்பதற்குப் பெரிய காரணம் இதுவே.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் என்பதால் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த சாளரங்கள். மற்ற இடங்களில் சாய்ந்த மரச்சட்டங்களின் வழியே காற்று வருகிறது, மழை வருவதில்லை. கூரையின் இறவாணம் நீண்டு தாழ்ந்து அத்தனை சாளரங்களையும் குடைபோல மூடியிருக்கிறது. நாமோ முகப்பு அழகுக்காகச் சன்ஷேடை வெட்டிவிட்டு, அது செய்த வேலையைச் சிலிக்கோன் பசைக் குழாயிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

21 அக்டோபர்

சாந்து பூசியவரைக் குறை சொல்லிவிட்டேன் என்று தங்கை வருத்தப்படுகிறாள். அவருக்கு அந்தத் துளை எதற்கு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த படங்களில் வீடுகளுக்குள் வெள்ளம்தான் தெரிகிறது. காற்றைவிட மழையே அதிகம் கெடுத்திருக்கிறது. அதே கேள்வியோடு நாலைந்து பேர் மீண்டும் எழுதியிருக்கிறார்கள்.

தம்பியும் எழுதியிருக்கிறார். மாடியறையின் தூண்களைக் கான்கிரீட்டிலிருந்து எழுப்பிவிட்டார்கள். ஷீட் திருகாணிகள் ஓரங்களில் நெருக்கமாகப் போடப்பட்டிருக்கின்றன. வரவேற்பறையின் 8-க்கு 7 சன்னல் மூன்றாகப் பிரிந்தது: நடுவே கண்ணாடி அசையாமல் நிற்கும், இருபுறமும் திறப்புச் சன்னல், லேமினேட்டட் கண்ணாடி, மேலே இரண்டரை அடி சன்ஷேடு. மாடியறைக்கு மட்டும் தடித்த படலம். மற்ற எல்லாச் சன்னல்களும் சாதாரணம். 316 தரத் துருப்பிடிக்காத எஃகுக் கொண்டிகளோடு. முழு வீட்டுக்கும் மயாமி சன்னல் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்கிறார். மைத்துனர் இன்னும் சமாதானமாகவில்லையாம். அவர் ஊரில் இருந்தால் நானும் ஆகியிருக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நடுவில் அசையாமல் நிற்கும் அந்தப் பெரிய கண்ணாடியை வெளிப்பக்கம் யார், எப்படித் துடைப்பது? உப்புப் படிந்தால் மூன்று வாரத்தில் கடல் தெரியாது.

8 டிசம்பர்

மேற்குப் படுக்கையறைச் சன்னலுக்கு ஆசாரியை அழைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதுகிறீர்கள், அந்தக் கதவை எப்போது பார்ப்பீர்கள் என்று மனைவி கேட்டு ஒரு மாதம் ஆகிறது. ஆசாரி ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. தாழ்ப்பாளின் தலையில் இரண்டு விரலை வைத்து இழுத்தார். திருகாணி அப்படியே வெளியே வந்தது, அதோடு கறுத்துப் போன நான்கு தீக்குச்சிகளும்.